கண்ணுக்குள் அழற்சியா, புற்றா? தருமபுரியில் எடுத்த ஸ்கேன்கள் எப்படி?

தருமபுரி டவுனுக்குள் இருக்கும் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவைப் பற்றிய விமர்சனம் இது. பெயர் போடப்போவதில்லை. பெயர் போட்டுப் பாராட்டினால் விளம்பரம் என்பார்கள், குறை எழுதினால் போன் வரும், அதோடு இந்த மாதிரி இடங்களில் டாக்டர் ஒருவர் மாறினாலே எல்லாம் மாறிவிடும். அதனால் என்னென்ன ஸ்கேன் எடுத்தார்கள், எது காசுக்குத் தகும், எதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். கண்ணுக்குள் இருப்பது வெறும் அழற்சியா, இல்லை அழற்சி வேஷம் போட்ட புற்றுநோயா என்று பிரித்துப் பார்ப்பதற்காக எடுத்த ஸ்கேன்கள் இவை.

நோயாளி என் பெரியம்மா. அறுபதைத் தாண்டியவர், பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். இரண்டு கண்ணிலும் பார்வை புகை மூட்டமாக இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி இல்லை, சிவப்பும் பெரிதாக இல்லை. முதலில் பார்த்த வேறொரு கிளினிக்கில் யூவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள், அப்புறம் மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகவே கேட்டது. மாத்திரையைக் குறைத்தால் மங்கல் திரும்ப வந்தது, கூட்டினால் போனது, மறுபடி குறைத்தால் மறுபடி வந்தது. இதற்கிடையில் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். மாதக்கணக்கில் இப்படியே போனது, ஒரு ஸ்கேன்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

தருமபுரி டாக்டர் இந்த ஏறி இறங்கும் கதையைக் கேட்டதுமே மாத்திரைச் சீட்டுகளையெல்லாம் வாங்கித் தேதி வாரியாக அடுக்கினார். அவர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கண்ணுக்குள் வருகிற லிம்போமா என்ற ஒரு வகைப் புற்றுநோய், பார்வைக்கு அச்சு அசல் அழற்சி போலவே இருக்குமாம். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும், இரண்டு கண்ணிலும் வருவது சகஜம். அந்தச் செல்களும் ஸ்டீராய்டுக்குச் சாகும். அதனால் ‘மருந்து கேட்கிறது, அப்படியென்றால் அழற்சிதான்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. கேட்டுக் கேட்டுத் திரும்ப வந்தால்தான் சந்தேகமே வர வேண்டும் என்றார். சரி, ஸ்கேனுக்கு வருவோம்.

முதலில் எடுத்தது ஓசிடி, என் முழு மதிப்பெண்ணும் இதற்குத்தான். 1991-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான முறை இது. அல்ட்ராசவுண்டு மாதிரிதான், ஆனால் ஒலிக்குப் பதிலாக ஒளியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற படம் தருகிறது. சில மைக்ரான் அளவுக்கு நுணுக்கமாகத் தெரியும். ஊசி கிடையாது, கண்ணைத் தொடுவதும் கிடையாது. தாடையை வைத்து, உள்ளே தெரிகிற பச்சைக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். “ஏம்மா கண்ணு, இது சுடுமா?” என்று பெரியம்மா கேட்டதற்கு அந்த டெக்னீஷியன் பெண் சிரித்துக்கொண்டே தன் கையை லென்ஸுக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். கண்ணுக்குள் கலங்கல் இருந்தால் ஓசிடி படம் மங்கலாகத்தான் வரும். பல இடங்களில் மங்கல் படத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர் சொட்டு விட்டார், கண்ணைச் சிமிட்டச் சொன்னார், தலையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார், தெளிவாக ஒரு ஜன்னல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார். பின்னால் வரிசையில் இருந்தவர் முணுமுணுத்ததையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த இடத்துக்கு மறுபடி போகலாம்.

டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். விழித்திரைக்கு அடியில் ஆர்பிஇ என்று ஒரு மெல்லிய அடுக்கு உண்டு, படத்தில் அது வெளிச்சமான ஒரு கோடாக, வழுவழுவென்று ஓட வேண்டும். பெரியம்மாவுக்கு அந்தக் கோடு, ஜமுக்காளத்துக்கு அடியில் கடலை சிதறிக் கிடந்தால் மேலே எப்படிப் புடைத்துத் தெரியுமோ அப்படி அங்கங்கே புடைத்திருந்தது. புடைப்புக்கு உள்ளே நீர் இருந்தால் கறுப்பாகத் தெரியும், இங்கே வெளுப்பாகத் தெரிந்தது, அதாவது ஏதோ திடமாக வந்து தங்கியிருக்கிறது. லிம்போமா செல்களுக்கு இந்த அடுக்குக்கு அடியில் போய் உட்கார்வது பழக்கம் என்றார். இன்னொன்றும் காட்டினார். பல மாதம் நீடித்த அழற்சியில் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கி, நீர் கோத்து, கறுப்புக் கறுப்பாகச் சின்னப் பைகள் தெரிவது ரொம்ப சகஜம். கண்ணுக்குள் இவ்வளவு கலங்கல் இருந்தும் பெரியம்மாவுக்கு நடுப்பகுதி வீக்கமில்லாமல் இருந்தது. கலங்கலைப் பார்த்தால் இதைவிடப் பார்வை மோசமாக இருந்திருக்க வேண்டும், எழுத்துப் பலகையில் அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் வரி படித்தார். இந்தப் பொருத்தமின்மைதான் டாக்டரை உறுத்தியது.

அதோடு விடாமல், வயதானவர்கள் கண்ணில் அதே இடத்தில் ட்ரூசன் என்ற சாதாரணப் படிவும் வரும், காசநோயும் சிஃபிலிஸும் கண்ணில் எந்த வேஷமும் போடும், அதனால் இந்த ஒரு படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று அவரே சொன்னார். நம் நாட்டில் கண் அழற்சி என்றால் காசநோயை முதலில் தேடுவது நியாயம்தான். மாண்டூ ஊசி, ரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன் எல்லாம் எழுதினார். அதில் ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்து ஆட்டோஃபுளோரசன்ஸ். பெயர்தான் பெரிது, வேலை ஒரு ஃபிளாஷ் போட்டோ. விழித்திரை தானாகவே கொஞ்சம் ஒளிரும், எந்த இடம் அதிகமாக, எந்த இடம் குறைவாக ஒளிர்கிறது என்று படம் பிடிக்கிறார்கள். பெரியம்மாவின் படத்தில் வெளுப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஓசிடியில் புடைப்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இந்தப் புள்ளிகளும் இருந்தன. இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை, ஆஞ்சியோவோடு சேர்த்துவிட்டார்கள்.

கண் ஆஞ்சியோ என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் இதய ஆஞ்சியோவை நினைத்துப் பதறிவிட்டார்கள். அது வேறு, இது வேறு. 1961-ல் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் நரம்பு வழியாக ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது கண்ணின் ரத்தக் குழாய்களுக்குள் ஓடுவதை நீல ஒளியில் வரிசையாகப் படம் எடுக்கிறார்கள். சாயம் ஏறியதும் சிலருக்குக் குமட்டும். ஒவ்வாமை மிக அரிது, வந்தால் விஷயம் பெரிது, ஆகவே அவசர மருந்துத் தட்டு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இருந்தது. நர்ஸ் ஒருவர் கூடவே நின்றார், ஒவ்வாமை, ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் ஊசியைப் போட்டார். ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். தோல் கொஞ்ச நேரம் மஞ்சளாகும், சிறுநீர் மறுநாள் வரைகூட ஆரஞ்சு மஞ்சளாகப் போகும். வீட்டுக்கு வந்ததும் சித்தி பெரியம்மாவைப் பார்த்து மஞ்சக்காமாலை என்று முடிவு செய்து, கீழாநெல்லி தேட ஆளனுப்பிவிட்டார்.

ஆஞ்சியோவில் பார்ப்பது கசிவு. அழற்சி என்றால் ரத்தக் குழாயின் சுவர் தளர்ந்துபோய், சாயம் வெளியே கசிந்து, கடைசிப் படங்களில் குழாய்களின் ஓரமும் பார்வை நரம்பின் முகப்பும் பளீரென்று தெரியும். நடுப்பகுதி வீங்கியிருந்தால் சாயம் பூவிதழ் வடிவத்தில் தேங்கும். பெரியம்மாவின் படங்களில் கசிவு பெரிதாக இல்லை. பதிலாக வட்ட வட்டமான கறுப்புப் புள்ளிகள், சிறுத்தைப் புள்ளி என்றே டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓசிடி காட்டியதற்கு இது இரண்டாவது சாட்சி. ஆனால் ஓசிடியும் ஆட்டோஃபுளோரசன்ஸும் தெளிவாக இருக்கும்போது ஆஞ்சியோ கட்டாயமா என்று கேட்டால், கசிவு இருக்கிறதா இல்லையா என்று வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. காசு ஓசிடியைவிடக் கூடுதல்தான், தகும்.

பி ஸ்கேன் பற்றித்தான் எனக்குக் குறை. மூடிய இமைமேல் ஜெல்லைத் தடவி, கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைப்பதுபோல ஒரு கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டு இது. கண்ணுக்குள் ரொம்பக் கலங்கியிருந்து வெளியிலிருந்து ஒன்றும் தெரியாதபோது இதுதான் கை கொடுக்கும். கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா, விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு அடுக்கில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயையும், கண்ணின் பின்சுவரில் வரும் ஸ்கிளரைட்டிஸ் என்ற அழற்சியையும் பிரிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மெலனோமா சில சமயம் காளான் வடிவில் எழும்பி நிற்கும், அதன் உட்புறத்திலிருந்து எதிரொலி குறைவாக வரும். பின்புற ஸ்கிளரைட்டிஸில் சுவர் தடித்து, எதிரொலி பலமாக வந்து, சுவருக்கு வெளியே நீர் சேர்ந்து ஆங்கில T எழுத்துப் போலக் கறுப்பாகத் தெரியும், பெரும்பாலும் நல்ல வலியும் இருக்கும். மெலனோமா நம் ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட மிகக் குறைவு, ஆனால் வராது என்றில்லை. இவ்வளவு வேலை செய்கிற பரிசோதனையை இங்கே அவசர அவசரமாக முடித்து, ஒரே ஒரு படத்தை வழுவழுப்புத் தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். எந்தக் கோணம், தடிமன் எவ்வளவு என்று எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் “கட்டி இல்லை, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியில் கலங்கல்” என்று ஒரு வரி, அப்புறம் எல்லா ஸ்கேன் சென்டரும் போடுகிற அந்த ‘கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்’. பி ஸ்கேன் எடுப்பவர் கையில்தான் எல்லாமே இருக்கிறது, முடிந்தால் டாக்டரே எடுக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

எம்ஆர்ஐ வேறொரு ஸ்கேன் சென்டரில். கண்ணில் லிம்போமா சந்தேகம் என்றால் மூளையையும் பார்த்தாக வேண்டும், இந்த இரண்டு இடத்துக்கும் அது போக்குவரத்து வைத்திருக்கும். கண்ணில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிற்பாடு மூளையிலும் வந்துவிடுகிறது. டாக்டர் மூளை, கண்குழி இரண்டும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு, அதாவது படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தோடு என்று தெளிவாக எழுதியிருந்தார். கவுன்டரில் இருந்தவர் சீட்டைச் சரியாகப் படிக்காமல் சாதா மூளை எம்ஆர்ஐ என்று பில் போட்டுவிட்டார். உள்ளே படுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் கையில் இல்லையென்று ஊசி போட மறுத்து, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். மறுத்தது சரிதான், அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் போகும்போது கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், பில் போடும்போது ‘கான்ட்ராஸ்ட்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குப் பின்னால், கண்குழியில் கட்டி போல வீங்கியவர்களுக்கும் எம்ஆர்ஐதான் முக்கியம். அதில் நீர் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் டிஃபியூஷன் என்ற ஒரு வரிசைப் படம் இருக்கும். செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் லிம்போமாவில் நீர் நகர இடமிருக்காது, அந்த அளவு பொதுவாக அழற்சி வீக்கத்தைவிடக் குறைவாக வரும். முழு நிச்சயம் கிடையாது, ஆனாலும் எந்த இடத்தில் சதை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ய உதவும்.

மறுபடி தருமபுரி மருத்துவமனைக்கு. எல்லாப் படங்களையும் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: “எல்லாம் சேர்ந்து லிம்போமா பக்கம் சாயுதும்மா. ஆனா படத்தைப் பாத்துப் பேரு வைக்க முடியாது. கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லியில கொஞ்சம் எடுத்து லேப்ல பாக்கணும், அதை நான் இங்க செய்யமாட்டேன்.” ஏன் என்று கேட்டோம். அந்தச் செல்கள் ரொம்பப் பலவீனமானவை, எடுத்த கையோடு பதப்படுத்தாவிட்டால் சிதைந்துபோகும், அப்புறம் லேப்பில் ‘ஒன்றுமில்லை’ என்று தப்பாக வரும். ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். அதனால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, கண்ணுக்கென்று தனி நோயியல் லேப் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் மாதிரி இடங்களில் கண் அழற்சிக்கே தனிப் பிரிவு உண்டு. நம்மால் முடியும் என்று இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் நாலு மாதம் ஊசி போடாமல், தன் எல்லை எது என்று சொல்லி அனுப்பினாரே, எனக்கு ஸ்கேன் மெஷினைவிட அது பெரிதாகப் பட்டது.

மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். அங்கே படங்களை அவர்கள் திரும்ப எடுக்கவில்லை, ஓசிடி தவிர. காரணம், தருமபுரியில் பிரிண்ட்டோடு கூட முழுப் படங்களையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், கேட்டதும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். பிரிண்ட்டில் வருவது அவர்கள் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு வெட்டு மட்டும்தான், மெஷினில் இருக்கிற மற்ற வெட்டுகளில்தான் புடைப்பு நன்றாகத் தெரிந்தது. விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுக்கும் அறுவை சிகிச்சை, செய்து எடுத்த ஜெல்லியில் புற்றுச் செல்களே கிடைத்தன. கூடவே ஐஎல்-10, ஐஎல்-6 என்று இரண்டு புரத அளவுகளும் பார்த்தார்கள். அழற்சியில் ஆறு அதிகமாக இருக்கும், இந்த லிம்போமாவில் பத்து அதிகமாகும். பெரியம்மாவுக்குப் பத்துதான் அதிகம். மூளை எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தது, ஆனாலும் அதை இனி அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது கண்ணுக்குள் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், முதலில் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று ஒரு அட்டவணை.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஃபிளாஷ் போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, மாறுகண் புதிதாக வந்தாலோ, சிவப்பு வீக்கம் சொட்டு மருந்துக்கு அடங்காமல் போனாலோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் சொட்டு விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அதுவும் அழற்சி வேஷம் போடும். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. கட்டிக்குள் இருக்கும் கால்சியத்தை பி ஸ்கேனே காட்டிக்கொடுக்கும், அடுத்து எம்ஆர்ஐ. இந்த நோய் மரபணு வழி வரும் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு ஆகாது, அதனால் சிடி ஸ்கேனைக் கூடியவரை தவிர்ப்பார்கள். கண்ணுக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்ப்பதும் கிடையாது, புற்று வெளியே பரவிவிடும். அதாவது பெரியவர்களுக்கு லேப் சொல்வதைக் குழந்தைகளுக்குப் படமே சொல்லியாக வேண்டும், அதனால் அனுபவம் உள்ள இடத்துக்கு நேரே போய்விடுவது நல்லது.

மற்ற சில்லறை விஷயங்கள். டோக்கன் முறை ஒழுங்காக இல்லை, தெரிந்தவர்கள் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கிறார்கள். கண்மணி விரிய சொட்டு விட்டு உட்கார வைத்தால் ஸ்கேன் அறைக்குக் கூப்பிட ஒரு மணி நேரமாவது ஆகிறது. ஸ்கேன் பிரிவு மாடியில், லிஃப்ட் இல்லை. சொட்டு விட்ட கண்ணோடு வயதானவர்கள் அந்தச் செங்குத்துப் படியில் இறங்குவதைப் பார்த்தால் நமக்கே பதைக்கும், கூட ஓர் ஆள் கட்டாயம் போங்கள். சொட்டு வேலை பல மணி நேரம் இருக்கும், சித்திரை வெயிலில் வெளியே வந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது, கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், பைக்கை நீங்கள் ஓட்டுங்கள். கட்டணம் எழுதியொட்டவில்லை, ஆனால் கேட்டால் முன்கூட்டியே சொல்கிறார்கள், சொன்னதற்கு மேல் வாங்கவில்லை, ரசீதும் உண்டு.

ஓசிடிக்கு ஐந்துக்கு ஐந்து, ஆஞ்சியோவுக்கு நாலு, பி ஸ்கேனுக்கு இரண்டு, டாக்டரின் பேச்சுக்கு ஐந்து, மாடிப்படிக்குப் பூஜ்யம். ஊசிக்குத்தான் சென்னை போகிறோம், இடையில் எடுக்கிற ஓசிடியை இங்கேயே எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். முதல் படம் இதே மெஷினில் பதிவாகி இருப்பதால் அதே இடத்தை அதே கோட்டில் வெட்டி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. போன முறை எடுத்ததில் வலது கண்ணில் புடைப்புகள் நன்றாகவே தட்டையாகியிருந்தன, இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் பாக்கி.